வெட்டலாமா, விடலாமா?
ராக் ஒலிப்பதிவு: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே சண்டையைச் சுற்றியவை: வாசித்ததை அப்படியே விடுவதா, கணினியில் செதுக்குவதா? ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

அந்தக் காலத்தில் நான்கு பேர் நின்று ஒரே மூச்சில் வாசித்தார்கள், அது ரெக்கார்டாக வந்தது. இன்று ஒட்டுப்போட்டதைப் பாட்டு என்கிறார்கள். இது ஏமாற்று இல்லையா? (சேலம்)

பாதி உண்மை. ஒரே மூச்சுக்கு எல்லோரும் காட்டும் சாட்சி பீட்டில்ஸின் முதல் ஆல்பம். 1963 பிப்ரவரி 11, லண்டன் அபே ரோடில் இருந்த இ.எம்.ஐ. ஸ்டூடியோ. காலை பத்து மணிக்கு ஆரம்பித்தார்கள். இரவு பத்தே முக்கால் வாக்கில் எழுந்தபோது ஆல்பத்தின் 14 பாட்டுகளில் 10 டேப்பில் இருந்தன. மீதி நான்கும் ஏற்கெனவே சிங்கிளாகப் பதிந்தவை. டிராக், அதாவது தனித்தனியாகப் பதியும் ஒலித்தடம், இரண்டே இரண்டு. ஒன்றில் வாத்தியங்கள், மற்றதில் குரல்கள். ஜான் லெனனுக்கு அன்று கடும் ஜலதோஷம். தொண்டையைப் பிய்க்கும் ‘ட்விஸ்ட் அண்ட் ஷவுட்’டைப் பாடிவிட்டால் வேறெதற்கும் குரல் மிஞ்சாது என்பதால் அதைக் கடைசிக்குத் தள்ளிவைத்தார்கள். ஆல்பத்தில் இருப்பது அதன் முதல் டேக், அதாவது முதல்முறை வாசித்துப் பதிந்தது.

இப்போது அதே ஆல்பத்தின் முதல் பாட்டைப் போடுங்கள். ‘ஐ சா ஹர் ஸ்டாண்டிங் தேர்’. பால் மெக்கார்ட்னி ஒன்று முதல் நான்குவரை எண்ணிவிட்டுப் பாட்டு பாய்கிறது. அந்த எண்ணிக்கை ஒன்பதாவது டேக்கிலிருந்து வெட்டி எடுத்தது. பின்னால் வரும் பாட்டோ முதல் டேக். நன்றாக எண்ணியது ஓரிடம், நன்றாக வாசித்தது ஓரிடம். டேப்பை வெட்டி இரண்டையும் சேர்த்துவிட்டார்கள். பச்சையான ராக்குக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் ஆல்பமே ஓர் ஒட்டில்தான் தொடங்குகிறது.

நான்கு வருடத்துக்குள் அவர்களே இன்னும் துணிந்தார்கள். ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ பாட்டின் முதல் ஒரு நிமிடம் 7-வது டேக், மீதி 26-வது டேக். இரண்டுக்கும் சுருதியும் வேறு, வேகமும் வேறு. 26-வது டேக் சற்று வேகம், சற்று உயர்ந்த சுருதி. 1966 டிசம்பரில் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் இன்ஜினீயர் ஜெஃப் எமெரிக்கும் டேப்பின் ஓட்டத்தை மாற்றி இரண்டையும் ஒரு வழிக்குக் கொண்டுவந்து ஒட்டினார்கள். வேகம் குறைந்தால் சுருதியும் கூடவே இறங்கும் என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம்.

ஆகவே வெட்டு ராக்கில் எப்போதும் உண்டு. மாறியது துண்டின் அளவு.

துண்டின் அளவு மாறியதால் என்ன? பிளேடால் வெட்டினாலும் மவுஸால் வெட்டினாலும் வெட்டு வெட்டுதானே? (கோவை)

அளவுகோலை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். டேப் விநாடிக்கு 15 அங்குலம், அதாவது 38 சென்டிமீட்டர் ஓடுகிறது என்று கொள்ளுங்கள். பாட்டின் வேகம் 120 பி.பி.எம்., அதாவது நிமிடத்துக்கு 120 அடி. ஒரு அடி அரை விநாடி. டேப்பில் 19 சென்டிமீட்டர். ஸ்னேர் (டிரம்ஸில் ‘டக்’கென்று ஒலிக்கும் சிறு டிரம்) அடி ஒன்று 20 மில்லி விநாடி தாமதமாக விழுந்திருக்கிறது என்றால் அந்தப் பிசகு டேப்பில் ஏழரை மில்லிமீட்டர். காது வைத்து, ரீலைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி, மெழுகு பென்சிலால் குறித்து, ஏழரை மில்லிமீட்டர் துணுக்கை வெட்டி எடுக்கலாம். ஆனால் பல டிராக் டேப்பில் அந்த வெட்டு ஸ்னேரை மட்டும் வெட்டாது. அதே கணத்தில் கித்தார், பேஸ், குரல் என்று 24 டிராக்கையும் சேர்த்து வெட்டும். எனவே பிளேடு பிடித்தவர் பாட்டைப் பத்தி பத்தியாகத்தான் வெட்டினார். இந்த டேக்கின் சரணம், அந்த டேக்கின் பல்லவி. ஒவ்வொரு துண்டுக்குள்ளும் குழு ஒன்றாக மூச்சுவிட்டது அப்படியே இருந்தது.

இன்னொரு சின்ன அழகு. கால் அங்குல டேப்பை 45 டிகிரி சாய்வாக வெட்டுவார்கள். டேப்பின் நீளவாக்கில் அந்தச் சாய்வு 6 மில்லிமீட்டர் சொச்சம். ஓடும்போது சுமார் 17 மில்லி விநாடி. பழைய ஒலி தேய்ந்து புதிய ஒலி வளர அந்த நேரம் போதும். இன்று மென்பொருளில் ‘கிராஸ்ஃபேட்’ என்று இழுத்துவிடுகிறோமே, அதை அன்று பிளேடின் சாய்வே செய்தது.

கணினியில் ஒவ்வொரு டிராக்கையும் தனியாக வெட்டலாம், ஒவ்வொரு அடியையும் நகர்த்தலாம், தவறினால் ஒரு பொத்தானில் பழையபடி ஆக்கலாம். நூறு வெட்டு என்பது மதியச் சாப்பாட்டுக்கு முன் முடியும் வேலை. சுலபமானதால் செய்கிறார்கள், பல நேரம் காரணம் அவ்வளவுதான்.

கணினிக்கு முன்னால் யாரும் அணு அணுவாகச் செதுக்கவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். டெஃப் லெப்பர்டின் ‘ஹிஸ்டீரியா’ (1987) ஆல்பத்தில் தயாரிப்பாளர் மட் லாங் சில கித்தார் கார்டுகளை ஒவ்வொரு சுரமாகத் தனித்தனியே பதியவைத்தார். அதற்கு ஆன காலமும் செலவும் ராக் உலகில் பழமொழி மாதிரி ஆகிவிட்டது.

டிரம்ஸை ‘கிரிட்டில் போடுவது’ என்கிறார்களே, படிப்படியாகச் சொல்ல முடியுமா? (யாழ்ப்பாணம்)

கிரிட் என்பது திரையில் தெரியும் தாளக் கோடுகள். 120 பி.பி.எம்.மில் ஒவ்வொரு 500 மில்லி விநாடிக்கும் ஒரு கோடு. நான்கு அடி சேர்ந்த ஒரு பாரைப் பதினாறாகப் பிரித்தால் 125-க்கு ஒன்று. டிரம்ஸ் அடிகளைத் துண்டாக்கி அந்தக் கோடுகளில் உட்காரவைப்பதே இந்த வேலை. ஒலிப்பதிவு மென்பொருள்களான புரோ டூல்ஸில் ‘பீட் டிடெக்டிவ்’, ரீப்பரில் ‘டைனமிக் ஸ்ப்ளிட்’; பெயர் மாறினாலும் வேலை ஒன்றே.

முதலில் டிரம்ஸின் எல்லா டிராக்கையும் ஒரே குழுவாகப் பூட்டுங்கள்: கிக் (காலால் மிதிக்கும் பெரிய டிரம்), ஸ்னேர், டாம் (மற்ற டிரம்கள்), ஓவர்ஹெட் (டிரம்ஸுக்கு மேலே நிற்கும் மைக்), அறை மைக், எதுவும் வெளியே நிற்கக் கூடாது. மூலத்துக்கு ஒரு நகல் எடுத்து மறைத்துவையுங்கள். முழுப் பாட்டையும் ஒரே வீச்சில் கொடுக்காமல் 4 அல்லது 8 பார் எடுத்துக்கொள்ளுங்கள். அடிகளைக் கண்டுபிடிக்கும் வேலையைக் கிக், ஸ்னேர் டிராக்கிலிருந்து செய்யச் சொல்லுங்கள். ஓவர்ஹெட்டில் தேடினால் சிம்பலின் இரைச்சலைக்கூட அடி என்று எண்ணிவிடும். ஒவ்வொரு வெட்டும் அடி தொடங்கும் இடத்துக்கு 5 முதல் 10 மில்லி விநாடி முன்னால் விழ வேண்டும். அடியின் முனையைத் தொட்டால் குச்சிபட்ட ‘டக்’ போய் மொண்ணையாகிவிடும். பிறகு நகர்த்தும் அளவு. இங்கேதான் எல்லோரும் 100 சதவீதம் என்று வைத்துவிடுகிறார்கள். 70-இல் ஆரம்பியுங்கள். 20 மில்லி விநாடி பிசகிய அடி 6-க்கு வந்துவிடும். ஏற்கெனவே 5-இல் இருந்தது ஒன்றரைக்கு வரும். பிழை அடங்கும், சாய்வு தங்கும். கடைசியாக இடைவெளிகளை நிரப்பி 5 மில்லி விநாடி கிராஸ்ஃபேட்.

ஏன் 100 வேண்டாம்? ஒலி ஒரு மில்லி விநாடியில் சுமார் 34 சென்டிமீட்டர்தான் போகும். டிரம்ஸிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி நிற்கும் கித்தார்காரர் காதுக்கு அடி 10 மில்லி விநாடி பிந்தித்தான் போய்ச் சேர்கிறது. ஓர் அறையில் நிற்கும் எந்தக் குழுவும் கிரிட் கேட்கும் துல்லியத்தில் வாசித்ததே இல்லை, வாசிக்கவும் முடியாது. ஸ்னேரைச் சற்றே பின்தள்ளி அடிக்கும் வாசிப்பு சோம்பலாக, கனமாகக் கேட்கும். ஹை-ஹாட்டை (காலால் மூடித் திறக்கும் இரட்டைச் சிம்பல்) முன்தள்ளினால் பரபரக்கும். டிரம்மர் பல வருடம் பழகிய கைவாகு அது. முழுதாகக் கோட்டில் வைத்தால் அதைத்தான் துடைத்து எறிகிறீர்கள்.

அப்படிச் செய்ததில் சிம்பல் ‘சிஸ்க்… சிஸ்க்…’ என்று அறுபடுகிறது. ஸ்னேர் சில இடத்தில் இரட்டையாகக் கேட்கிறது. எங்கே தவறு? (சென்னை)

இரண்டு நோய், இரண்டு காரணம்.

சிம்பல் அறுபடுவது நிரப்பலில் வரும் கோளாறு. க்ராஷ் சிம்பல் ஒருதரம் அடித்தால் சில விநாடி தொங்கும். அந்த வாலுக்குள் எட்டு வெட்டு விழுந்து, ஒவ்வொன்றும் வெவ்வேறு தூரம் நகர்ந்திருந்தால் வால் படிக்கட்டாகிவிடும். க்ராஷ் அடித்த பாரில் வெட்டைக் குறையுங்கள். முதல் அடியை மட்டும் சரிசெய்து மீதியை விட்டுவிட்டால் பெரும்பாலும் போதும். வெட்டாமல் இழுத்து நீட்டும் முறையைப் பயன்படுத்தினால் அறுபடாது, ஆனால் சிம்பல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் குழையும்.

ஸ்னேர் இரட்டையாகக் கேட்டால் ஏதோ ஒரு டிராக் குழுவுக்கு வெளியே இருந்திருக்கிறது. பெரும்பாலும் அறை மைக். இன்னொரு சாத்தியம், நீங்கள் எல்லோரும் ஒரே அறையில் வாசித்திருக்கிறீர்கள். கித்தார் மைக்குக்குள்ளும் ஸ்னேர் கசிந்திருக்கும். டிரம்ஸ் டிராக்கில் ஸ்னேரை 25 மில்லி விநாடி நகர்த்தினீர்கள். கித்தார் டிராக்கில் அதன் ஆவி பழைய இடத்திலேயே நிற்கிறது. இதற்கு மருந்து கிடையாது. ஒன்றாக நின்று பதிந்ததை ஒன்றாகத்தான் வெட்ட வேண்டும், டேப் காலத்தைப்போல. எடிட் செய்வோமா மாட்டோமா என்பதை மைக் நிறுத்தும் முன்பே முடிவுசெய்ய வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

கித்தாரை இருமுறை பதிந்து இடமும் வலமும் வைத்தோம். எடிட் செய்த பிறகு அகலம் குறைந்துவிட்டது. ஏன்? (திருச்சி)

இரண்டையும் ஒரே கோட்டுக்கு இழுத்திருப்பீர்கள். இரண்டு வாசிப்புக்கும் இடையிலுள்ள சில மில்லி விநாடி வித்தியாசமே அந்த அகலம். ஒன்றை மட்டும் தொடுங்கள். அதுவும் பிசகு உறுத்தும் இடத்தில் மட்டும். ஒரே டேக்கை நகல் எடுத்து 15 மில்லி விநாடி தள்ளிவைப்பது இரட்டைக் கித்தார் ஆகாது. மோனோவில் (இடமும் வலமும் ஒன்றாகச் சேர்த்து) கேட்டால் குழாய்க்குள் வாசித்ததுபோல் இருக்கும்.

பேஸுக்கு வேறு வழி: அதைக் கிரிட்டைப் பார்த்து நகர்த்தாமல் கிக்கைப் பார்த்து நகர்த்துங்கள். கிக் பின்தங்கினால் பேஸும் கூடவே பின்தங்கட்டும்.

கிளிக் (ஹெட்ஃபோனில் தாளம் தட்டும் பீப் ஒலி) வைத்து வாசிப்பதா, இல்லாமலா? (மதுரை)

ரோலிங் ஸ்டோன்ஸின் ‘ஹாங்கி டாங்க் விமன்’ (1969) தொடங்கும் வேகத்துக்கும் முடியும் வேகத்துக்கும் நல்ல வித்தியாசம் உண்டு. மெல்ல மெல்ல ஏறுவதால் யாரும் குறை சொல்வதில்லை; கால் தானாகத் தட்டுகிறது. நிர்வாணாவின் ‘லித்தியம்’ பாட்டில் நிலைமை வேறு. அடங்கிய சரணமும் வெடிக்கும் பல்லவியும் மாறி மாறி வருவதால் குழு வேகம் பிடித்துக்கொண்டே போனது. டிரம்மர் டேவ் க்ரோல் கடைசியில் கிளிக் கேட்டு வாசித்தார். இரண்டும் சரியே.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கிளிக் இல்லாமல் பாட்டை மூன்றுமுறை வாசித்துப் பதியுங்கள். வேகம் அளக்கும் செயலியில் தட்டி, ஒவ்வொரு பகுதியின் பி.பி.எம்.மையும் எழுதுங்கள். மூன்று முறையும் பல்லவியில் மட்டும் 2 அல்லது 3 ஏறினால் அது பாட்டின் இயல்பு. கிளிக்கிலேயே பல்லவிக்கு அந்த ஏற்றத்தைக் கொடுத்துவிடலாம். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் ஏறி இறங்கினால் அது பயிற்சிக் குறைவு. அதற்குக் கிளிக்கும் உதவாது, எடிட்டரும் உதவ மாட்டார். கிளிக் வேண்டுமென்றால் டிரம்மருக்கு மட்டும் கொடுங்கள். மற்றவர்கள் டிரம்மரைக் கேட்டு வாசிக்கட்டும். நான்கு பேர் தனித்தனியாக ஒரு பீப் ஒலியைத் துரத்தினால் யாரும் யாருடனும் வாசிக்கவில்லை என்று அர்த்தம். ஹெட்ஃபோனிலிருந்து பீப் கசிந்து, பாட்டின் கடைசிச் சிம்பல் அடங்கும்போது தெளிவாகக் கேட்கும். கடைசி அடியோடு கிளிக்கை நிறுத்திவிடுங்கள்.

எங்கள் பாடகரின் குரலை ஆட்டோ-ட்யூனில் சரிசெய்தால் உயிரே போய்விடுகிறது. சுருதி சரியாகத்தான் இருக்கிறது. பிறகு என்ன குறை? (தஞ்சாவூர்)

தஞ்சாவூரிலிருந்து இந்தக் கேள்வி வருவது பொருத்தம். கமகத்தை நேர்க்கோடாக்கினால் ராகம் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ராக்கின் வேர் ப்ளூஸ். அதில் மூன்றாம் சுரம் பியானோவின் எந்தக் கட்டையிலும் இல்லாத ஓரிடத்தில் நிற்கும். நம் கணக்கில் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே. கித்தாரில் நரம்பை வளைத்து அதைப் பிடிப்பார்கள். பாடகர் கீழிருந்து வழுக்கி ஏறிப் பிடிப்பார். ஆட்டோ-ட்யூனுக்கு மேஜர் ஸ்கேல் என்று சொல்லிவைத்தால் அந்தச் சுரத்தை அந்தர காந்தாரத்தில் கொண்டுபோய்ப் பொருத்திவிடும். சுருதி சுத்தம், பாட்டு தப்பு.

இந்தக் கருவி 1997-இல் வந்தது. உருவாக்கிய ஆண்டி ஹில்டெப்ராண்ட் அதற்கு முன் நிலத்துக்கடியில் எண்ணெய் தேட ஒலியலைகளை ஆராய்ந்தவர். சுரத்தை எவ்வளவு விரைவாக இழுப்பது என்று சொல்ல ‘ரீட்யூன் ஸ்பீட்’ என்றொரு குமிழ் அதில் உண்டு. பூஜ்யத்தில் வைத்தால் சுரத்திலிருந்து சுரத்துக்குப் படி தாண்டும். 1998-இல் ஷேர் பாடிய ‘பிலீவ்’ பாட்டில் எல்லோரும் கேட்ட அந்த ஒலி. ராக் குரலுக்கு 40-க்குக் கீழே இறக்காதீர்கள். இன்னும் நல்லது, தானியங்கியை அணைத்துவிட்டுக் கையால் செய்வது: வரி முடிவில் நீளமாக நிற்கும் சுரம் தொய்ந்திருந்தால் அதன் நடுப்பகுதியை மட்டும் தூக்குங்கள். ஏறும் வழுக்கலையும் இறங்கும் வாலையும் தொடாதீர்கள். கத்தலில் சுருதியே தெளிவாக இருக்காது. அங்கே கருவி குழம்பி நடுங்கும்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது டேக் தேர்வு. குரல் சூடான பிறகு பாட்டை முழுதாக நான்குமுறை பாடச் சொல்லுங்கள். பாட்டு வரிகளை அச்சடித்து, நான்கு நிற மையில் எந்த வரி எந்த டேக்கில் நன்றாக இருக்கிறது என்று டிக் போடுங்கள். ஒரு டேக்கை அடித்தளமாக வைத்து, உதைக்கும் வரிகளை மட்டும் மற்றவற்றிலிருந்து எடுங்கள். பாதிக்குமேல் மாற்ற வேண்டியிருந்தால் இன்னொரு நாள் பாடவைப்பதே மேல். வெட்டை மூச்சுக்கு முன்னால் போடுங்கள், மூச்சு புதிய வரியோடு வரட்டும். ‘ஸ்’, ‘ட்’, ‘க்’ போன்ற மெய்யில் ஒட்டு மறையும். ‘ஆ’வின் நடுவில் வெட்டினால் எவ்வளவு பூசினாலும் தெரியும். மூச்சுகளையெல்லாம் சுத்தமாகத் துடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். துடைத்ததைக் கேட்டுப் பாருங்கள், நமக்கே மூச்சுமுட்டும்.

ரெக்கார்டைக் கேட்டே எடிட் செய்ததா என்று கண்டுபிடிக்க முடியுமா? (நெல்லை)

ஓரளவு. முதல் பல்லவியும் கடைசிப் பல்லவியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் நகல். வேகமான உருட்டலில் ஒவ்வொரு ஸ்னேரும் அச்சடித்ததுபோல் இருந்தால் மாதிரி ஒலியைப் பொருத்தியிருக்கிறார்கள். தொடக்கத்திலும் முடிவிலும் தட்டிப் பார்த்து பி.பி.எம். இம்மியும் மாறவில்லை என்றால் கிளிக். நல்ல எடிட்டரின் கைவேலை மட்டும் எதிலும் சிக்காது.

‘லைவ்’ ஆல்பம் என்றால் நிச்சயம் பச்சையான வாசிப்புதானே? (புதுச்சேரி)

இல்லை. கிஸ் குழுவின் ‘அலைவ்!’ (1975) ஆல்பத்தில் ஸ்டூடியோ திருத்தங்கள் உண்டு என்பதை அவர்களே பின்னால் ஒத்துக்கொண்டார்கள். தின் லிஸ்ஸியின் ‘லைவ் அண்ட் டேஞ்சரஸ்’ (1978) பெரும்பகுதி ஸ்டூடியோவில் மறுபடி வாசித்தது என்றார் தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி; குழுவினர் மறுத்தார்கள். அந்தச் சர்ச்சை இன்னும் தீரவில்லை. ஆல்பம் மட்டும் இன்றும் அருமையாக இருக்கிறது.

நாங்கள் நான்கு பேர். எட்டு உள்ளீடு உள்ள ஓர் இன்டர்ஃபேஸ் (மைக்குகளைக் கணினியோடு இணைக்கும் கருவி), மாடியில் ஒரு அறை. எடிட்டே இல்லாமல் ஒன்றாக வாசித்துப் பதிய ஆசை. எப்படி அமைப்பது? (ஈரோடு)

எட்டு உள்ளீட்டை இப்படிப் பங்கிடுங்கள்: டிரம்ஸுக்கு நான்கு, பேஸ் நேரடியாக ஒன்று, கித்தார் இரண்டு, வழிகாட்டிக் குரல் ஒன்று.

டிரம்ஸுக்கு இங்கிலாந்து இன்ஜினீயர் க்ளின் ஜான்ஸ் பெயரால் வழங்கும் முறை போதும். கிக்குக்கு ஒரு மைக், ஸ்னேருக்கு ஒன்று. மூன்றாவது, ஸ்னேருக்கு நேர் மேலே சுமார் ஒரு மீட்டர் உயரத்தில். நான்காவது, தரையில் நிற்கும் ஃப்ளோர் டாமுக்கு அப்பால், அதன் விளிம்புக்குச் சற்று மேலே, ஹை-ஹாட்டைப் பார்த்தபடி. இப்போது ஒரு நூலை எடுத்து ஒரு முனையை ஸ்னேரின் நடுவில் விரலால் அழுத்துங்கள். மறுமுனையை மேல் மைக் வரை இழுத்து முடிச்சுப் போடுங்கள். அதே முடிச்சு பக்க மைக்கைத் தொட வேண்டும். தொடாவிட்டால் ஸ்னேர் ஒரு மைக்குக்கு முந்தியும் ஒன்றுக்குப் பிந்தியும் வந்து, இரண்டையும் சேர்க்கும்போது தகரம் தட்டியதுபோல் மெலிந்துவிடும். நூல் சரியான பிறகு ஸ்னேர் மைக்கின் போலாரிட்டிப் பொத்தானை (ஒலியலையைத் தலைகீழாக்குவது) அமுக்கி, விட்டுக் கேளுங்கள். எது தடிமனாக இருக்கிறதோ அதுவே சரி.

கித்தார் ஆம்ப்புகளை டிரம்ஸுக்கு முதுகு காட்டி, நாற்காலிமேல் ஏற்றிவையுங்கள். ஸ்பீக்கரின் துணியிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டரில், நடுக்குமிழுக்கும் விளிம்புக்கும் இடையில் டைனமிக் மைக். ஆம்ப்பின் மூன்று பக்கமும் பழைய மெத்தையோ தடித்த ஜமுக்காளமோ நிறுத்தலாம். ஒலியை முழுதாக அடைக்க முயலாதீர்கள், முடியாது. கசிவு நன்றாக ஒலித்தால் போதும். அந்தக் கசிவுதான் ஒன்றாக வாசித்த ரெக்கார்டுகளுக்கு ஓர் அறையின் உருவத்தைக் கொடுக்கிறது. ஆம்ப்பில் டிஸ்டார்ஷனை வழக்கத்தைவிடக் கால்பங்கு குறையுங்கள். மேடையில் கனமாகக் கேட்பது மைக்கில் மணலாகிவிடும். பேஸ் ஆம்ப் அறையில் இருந்தால் ஸ்னேரின் கம்பிகள் சதா நறநறக்கும். பேஸைக் கம்பிவழி மட்டும் எடுத்து, எல்லோருக்கும் ஹெட்ஃபோனில் கொடுங்கள்.

பதிவின் தரம் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்ட வேண்டாம். சூடு பிடித்தால் டிரம்மர் சோதனையில் அடித்ததைவிட ஓங்கித்தான் அடிப்பார். கித்தார் நரம்புகளை முதல்நாளே மாற்றி இழுத்துப் பழக்கிவிடுங்கள். ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் சுருதி பாருங்கள். எடிட் இல்லை என்றால் இந்தச் சில்லறை வேலைகளில் ஒன்றைக்கூடப் பிறகு செய்ய முடியாது.

வாசிக்கும்போது முதல் டேக்கில் பயம் இருக்கும். இரண்டாவதும் மூன்றாவதும் பெரும்பாலும் நல்லவை. ஐந்தைத் தாண்டினால் எல்லோரும் தப்பாமல் இருப்பதில் குறியாகிவிடுவார்கள். அது ரெக்கார்டில் அப்பட்டமாகக் கேட்கும். வேறு பாட்டுக்குப் போய்விட்டு வாருங்கள். வழிகாட்டிக் குரலை அழித்துவிட்டுப் பிறகு தனியாகப் பாடுவது வழக்கம். ஆனால் அது டிரம்ஸ் மைக்குகளில் கசிந்திருந்தால் புதுக் குரலுக்குப் பின்னால் பழைய குரல் முணுமுணுக்கும், ஆகவே மெல்லப் பாடச் சொல்லுங்கள்.

ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினி 1993 பிப்ரவரியில் மின்னசோட்டாவின் பேக்கிடெர்ம் ஸ்டூடியோவில் நிர்வாணாவின் ‘இன் யூட்டெரோ’வை இரண்டு வாரத்துக்குள் பதிந்து முடித்தார்; பெரும்பாலான பாட்டுகளுக்குக் குழு ஒன்றாகவே வாசித்தது. பளபளப்பு இல்லாத ஒலி என்று அதைப் பற்றிச் சொல்வார்கள். நல்ல அறை, நல்ல மைக், பாட்டுகளைத் தூக்கத்திலும் வாசிக்கக்கூடிய மூன்று பேர். இவை இருந்ததால்தான் அந்த வேகம். அதிலும் இரண்டு பாட்டுகளை வெளியீட்டுக்கு முன் தயாரிப்பாளர் ஸ்காட் லிட்டிடம் கொடுத்து மறுபடி மிக்ஸ் செய்யவைத்தார்கள்.

எந்தத் தவறை விட்டுவைப்பது, எதை வெட்டுவது? (நாகர்கோவில்)

போலீஸ் குழுவின் ‘ராக்ஸேன்’ (1978) தொடக்கத்தில் ஒரு பியானோ இடறலும் சிரிப்பும் கேட்கும். பாடகர் ஸ்டிங் தெரியாமல் பியானோ கட்டைகள்மேல் உட்கார்ந்துவிட்டார். லெட் செப்பலினின் மூன்றாவது ஆல்பத்தில் (1970) மெதுவான ப்ளூஸ் பாட்டு முழுக்க டிரம்மர் ஜான் பான்ஹமின் கிக் பெடல் கிறீச்சிடுகிறது. எண்ணெய் விட மறந்த கதவு மாதிரி. கிங்ஸ்மென் குழுவின் ‘லூயி லூயி’யில் (1963) கித்தார் தனி வாசிப்பு முடிந்ததும் பாடகர் சீக்கிரமே நுழைந்துவிட்டு நிறுத்துகிறார், டிரம்மர் ஓர் உருட்டலில் சமாளிக்கிறார். ரோலிங் ஸ்டோன்ஸின் ‘கிம்மி ஷெல்டர்’ (1969) பாட்டில் மெரி க்ளேட்டனின் குரல் உச்சத்தில் உடைகிறது. அந்த உடைப்பைக் கேட்கவே பலர் அந்தப் பாட்டைப் போடுகிறார்கள்.

இந்த நான்கிலும் தாளம் விழவில்லை. அதுதான் எல்லைக்கோடு. குரல் உடையலாம், பெடல் கிறீச்சிடலாம், விரல் நரம்பில் வழுக்கலாம். ஆனால் கேட்பவரின் கால் தட்டுவதை நிறுத்தவைக்கும் பிழை எதுவானாலும் வெட்டுங்கள். சந்தேகமானவற்றைக் குறித்துவைத்து, மூன்று வெவ்வேறு நாளில் திரையைப் பார்க்காமல் கேளுங்கள். மூன்றாம் நாள் அந்த இடம் வருமுன்பே உடம்பு விறைத்தால் அது போக வேண்டியது. எப்போது வந்துபோனது என்றே தெரியாவிட்டால் அது இருக்க வேண்டியது. திரையைப் பார்த்தபடி கேட்டால் கண்தான் குறை சொல்லும். கோட்டை விட்டுத் தள்ளிநிற்கும் அடி காதுக்கு ஒன்றும் செய்திருக்காது.

சத்தத்தை ஏற்றுவதும் எடிட்டிங்கில் சேருமா? (வேலூர்)

சேராது, ஆனால் அதே வியாதி. மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னடிக்’ (2008) சி.டி.யில் ஒலி பிளக்கும் அளவுக்கு ஏற்றியிருந்தார்கள். அதே பாட்டுகள் ‘கிட்டார் ஹீரோ’ விளையாட்டில் நெருக்கப்படாமல் வந்தபோதுதான் டிரம்ஸுக்கு உயிர் இருந்தது ரசிகர்களுக்குத் தெரிந்தது. ஸ்பாட்டிஃபை எல்லாவற்றையும் சாதாரணமாக மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) அளவுக்குச் சமன்செய்துவிடுகிறது, நீங்கள் ஏற்றியதை அது இறக்கிவிடும், நசுங்கியது மட்டும் நசுங்கியபடியே இருக்கும்.

டேப்பில் பதிந்தால் இந்தப் பிரச்சினையெல்லாம் தீருமா? (சிங்கப்பூர்)

டேப்பில் பதிந்த நல்ல ஆல்பங்கள் இந்த நூற்றாண்டிலும் உண்டு. ஒயிட் ஸ்ட்ரைப்ஸின் ‘எலிஃபன்ட்’ (2003) லண்டன் டோ ராக் ஸ்டூடியோவில் எட்டு டிராக் கருவியில் பதிந்தது, கணினி கிடையாது. ஃபூ ஃபைட்டர்ஸின் ‘வேஸ்டிங் லைட்’ (2011) டேவ் க்ரோல் வீட்டு கராஜில், டேப்பில். ஆனால் டேப்பின் நிறத்தைவிட அதன் கஞ்சத்தனமே அதிக வேலை செய்கிறது. 2 அங்குல டேப் ரீல் ஒன்று 2,500 அடி. விநாடிக்கு 30 அங்குல வேகத்தில் ஓடினால் 16 நிமிடம் 40 விநாடியில் தீர்ந்துவிடும். நான்கு நிமிடப் பாட்டுக்கு நான்கு டேக். ஐந்தாவது வேண்டுமென்றால் ஏதாவது ஒன்றின்மேல் பதிய வேண்டும். எதை அழிப்பது என்று அங்கேயே எல்லோரும் உட்கார்ந்து கேட்டு முடிவுசெய்தாக வேண்டும்.

இதைச் செய்ய டேப் கருவி வாங்கத் தேவையில்லை. கணினியிலேயே பாட்டுக்கு நான்கு டேக் என்று வைத்துக்கொண்டு, ஐந்தாவதற்குமுன் ஒன்றைக் கையோடு அழியுங்கள். குப்பைத் தொட்டியையும் காலிசெய்யுங்கள்.